என்ன வரைந்தான் என்று கேட்கக் கூடாதாம்!

ஓவியத்தைப் பற்றி நம்மவரிடையே பேச்சு எழும்போதெல்லாம் ஓர் உபதேசமும் உடன் எழுகிறது. "என்ன வரைந்திருக்கிறது என்று பாராதீர், எப்படி வரைந்திருக்கிறது என்று பாரும்" என்பதே அவ்வுபதேசம். கோடும் வண்ணமும் ஒளியும் அமைப்புமே ஓவியம் என்பர். விடயமோ படத்தை மாட்டுவதற்கு அடித்த ஆணி போன்றது, படத்தை மாட்டியபின் ஆணியை யார் பார்க்கிறார் என்பர். இவ்வாறு கூறுவோர் படியாதவரல்லர். அவர்களுடைய மேசைகளிற் கிடக்கும் பெருநூல்களை நாமும் புரட்டிப் பார்த்திருக்கிறோம். வழுவழுப்பான தாளில், உலகத்தின் சிறந்த ஓவியங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தில் அரசன். மறு பக்கத்தில் கப்பற் சேதம். அதற்கடுத்த பக்கத்தில் சாடியிற் பூக்கள். அதற்கும் அடுத்ததிற் சுட்டுக் கொல்லப்படும் மனிதன். கீழே ஓவியர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, படத்தின் நீள அகலம். அண்மையில் விலை போன படமாயின் அந்த விலையும் இருக்கும். சுடப்படும் மனிதனிலிருந்து சூரியகாந்திப் பூவுக்கு வாசகன் மனத்தில் ஒரு கீறலுமின்றிக் கடந்து செல்லலாம். ஓவியர் ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்துச் சொன்ன சொல்லை அவர் வாயிலிருந்தே பறிக்கும் இச்செயலுக்கு இரசனை என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

விடயம் பொருட்டல்ல என்பதை அதிகாரத்தில் இருந்தோர் ஒருபோதும் நம்பியதில்லை. 1573 ஆம் ஆண்டு யூலை மாதம் 18 ஆந் திகதி, வெனிஸ் நகரத்துப் புகழ்பெற்ற ஓவியரான வெரோனிஸ், சமய விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். மடமொன்றின் உணவு மண்டபத்துக்கென, பன்னிரண்டு மீற்றருக்கு மேற்பட்ட அகலத்தில், இயேசு பிரானின் இறுதி இராப்போசனத்தை அவர் வரைந்திருந்தார். அவருடைய வண்ணத்திலோ அமைப்பிலோ மன்றத்தார் குறை காணவில்லை. அவர்கள் கேட்டவை வேறு. கையிற் கிளியோடு கோமாளி எதற்கு? மூக்கில் இரத்தம் வழிய நிற்கும் வேலையாள் எதற்கு? படிக்கட்டில் ஆயுதத்தோடு நின்று உண்டு குடிக்கும் ஜேர்மன் வீரர் எதற்கு? கவிஞருக்கும் பித்தருக்கும் உள்ள உரிமையை ஓவியரும் எடுத்துக்கொள்கிறோம் என்று வெரோனிஸ் பதில் கூறினார். மூன்று மாதத்துள் தம் சொந்தச் செலவிலேயே படத்தைத் திருத்த வேண்டும் என்று மன்றம் கட்டளையிட்டது. அவரோ படத்தின் பெயரை மாற்றி, 'லேவியின் வீட்டு விருந்து' என்று எழுதி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நண்பர்கள் இக்கதையைத் தமக்கே சாதகமாகக் காட்டக்கூடும். பெயரை மாற்றியதோடு வழக்கு ஓய்ந்ததாயின் விடயத்துக்கு அங்கே என்ன மதிப்பு இருந்தது என்று கேட்கக்கூடும். மதிப்பு இருந்தமையாலேயே பெயரை மாற்ற நேர்ந்தது. லேவி ஆயக்காரன், ஊரார் ஒதுக்கிவைத்த வரி வசூலிப்போன். அவன் வீட்டு விருந்திற் கோமாளியும் குடிகாரனும் இருப்பதில் எவருக்கும் வியப்பில்லை. கடவுளின் கடைசிப் பந்தியில் அவர்கள் இருக்கலாகாது. எந்தப் பந்தியில் யார் அமரலாம் என்பதே அங்கு நடந்த வழக்கு. தேநீர்க் கடைகளிலே சிலருக்கென்று தனிப் பேணி வைத்திருந்த யாழ்ப்பாணத்துச் சமூகத்திற் பிறந்தவர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுமோ?

'எப்படி' என்பதை நாம் அலட்சியம் செய்கிறோம் என்று எண்ணற்க. கோயாவின் ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். 1808 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி மட்ரிட் நகர மக்கள் நெப்போலியனின் படைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அன்றிரவும் மறுநாள் விடியுமுன்னும் அகப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆறாண்டுகளின் பின்னர், 1814 இல், கோயா அதனை வரைந்தார். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவன் இரு கைகளையும் விரித்து முழங்காலில் நிற்கிறான். அவன் முகம் நமக்குத் தெரிகிறது. அவன் கண்ணில் உள்ள திகில் தெரிகிறது. சுடுகின்ற படையினருக்கோ முகமே இல்லை. வரிசையாக முதுகுகள், சாய்ந்த தோள்கள், நீட்டிய துவக்குகள் மட்டுமே. படத்தின் ஒளி எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து அன்று, தரையில் வைக்கப்பட்ட பெரிய விளக்கிலிருந்து வருகிறது. குறி தவறாதிருப்பதற்காகக் கொலைகாரர் கொண்டுவந்து வைத்த விளக்கு அது. காலங்காலமாகத் தெய்வத்தன்மைக்கு அடையாளமாயிருந்த ஒளியைக் கோயா கொலைக்கருவிகளுள் ஒன்றாக்கிவிட்டார். இது கோடும் வண்ணமும் அமைப்புந்தான். ஆனால் அந்த இரவில் நடந்ததை விட்டுவிட்டு இந்த விளக்கை எவராலாவது விளக்க முடியுமா? இதே கோயா போரின் கொடுமைகளைச் செப்புத் தகடுகளில் வரிசை வரிசையாகச் செதுக்கினார். அவை நூலாக வெளிவந்தது 1863 இல். அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர். விடயம் பொருட்டற்றதாயின் இத்தனை காலம் ஒளித்து வைப்பானேன்?

ஜெரிக்கோ வரைந்த 'மெடூசாவின் மிதவை' பற்றியும் ஒரு சொல். 1816 இல் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் தரைதட்டியது. அரசியற் செல்வாக்காற் பதவி பெற்ற தலைவன் அதனைச் செலுத்தியவன். மேலோர் படகுகளில் ஏறிக்கொள்ள, ஏறத்தாழ நூற்றைம்பது பேர் ஒரு மிதவையில் ஏற்றி விடப்பட்டனர், கயிறும் அறுக்கப்பட்டது. பதின்மூன்று நாளின் பின் எஞ்சியோர் பதினைவர். ஜெரிக்கோ உயிர் தப்பியவர்களைத் தேடிச்சென்று பேசினார். பிணவறைகளில் இருந்து வரைந்தார். 1819 இல் படம் காட்சிக்கு வந்தபோது அதற்கு இட்ட பெயர் வெறுமனே 'கப்பற் சேதக் காட்சி' என்பதே. பார்த்தவர் அனைவருக்கும் எந்தக் கப்பல் என்பது தெரியும். அடிமை வியாபாரம் இன்னும் ஓயாதிருந்த அக்காலத்தில், அம்மனிதக் குவியலின் உச்சியில் நின்று தொலைவிலுள்ள கப்பலை நோக்கித் துணியை வீசுபவனை ஒரு கறுப்பு மனிதனாக ஓவியர் வரைந்தார். இது தற்செயல் என்பவரோடு நமக்குப் பேச்சில்லை.

கூர்பேயின் கதையோ இன்னும் நெருக்கமானது. 1849 இல் வீதியோரத்திற் கல்லுடைத்துக்கொண்டிருந்த இருவரைக் கண்டு, அவர்களைத் தம் கூடத்துக்கு வரவழைத்து அவர் வரைந்தார். ஒருவர் கிழவர், மற்றவன் இளைஞன். கிழவரின் முகத்தைத் தொப்பி மறைக்கிறது. இளைஞனோ முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். முகமற்ற கொலைகாரரைக் கோயாவிடம் கண்டோம். இங்கே முகத்தை இழந்திருப்பவர் உழைப்பாளர். இன்று கூடை நிறையக் கல் சுமக்கும் இளைஞனே நாளை சம்மட்டி ஏந்தி முழங்காலூன்றும் அக்கிழவன் ஆவான். இடையில் ஒரு வாழ்வு இல்லை. அக்காலத்தில் இத்தகைய பெரிய துணியில், ஆளளவு உருவமாக இடம்பெறும் தகுதி அரசருக்கும் தேவருக்கும் புராண வீரருக்குமே உரியது. கிழிந்த சட்டைக்கும் ஓட்டைக் காலுறைக்கும் அத்தகுதியைக் கூர்பே கொடுத்தார். பாரிஸ் நகரத்து விமர்சகர் அழகின்மை என்று கூச்சலிட்டனர். அழகின்மை என்று அவர்கள் சொன்னது கல்லுடைப்பவனின் முதுகை. அவனை அவ்வாறு ஆக்கிய வாழ்வை அன்று.

பாரிஸ் கம்யூனில் கூர்பே பங்குகொண்டார். 1871 இல் அது இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட பின் ஆறு மாதச் சிறையும் ஐந்நூறு பிராங்க் அபராதமும் பெற்றார். அத்துடன் விட்டார்களா? நெப்போலியனின் வெற்றித் தூணைக் கம்யூன் வீழ்த்தியதல்லவா? அதனை மீண்டும் நிறுத்தும் செலவு முழுவதையும் இந்த ஓவியரின் தலையிற் கட்டினார்கள். மூன்று இலட்சத்து இருபத்துமூவாயிரம் பிராங்குக்கு மேற்பட்ட தொகை. முப்பத்துமூன்று ஆண்டுகளில் தவணை தவணையாகக் கட்டவேண்டும். சுவிற்சர்லாந்துக்கு ஓடிப்போன கூர்பே, முதற் தவணைக்குரிய நாளின் முன்னாள், 1877 டிசெம்பர் 31 இல் உயிர் துறந்தார். 'கல்லுடைப்போர்' டிறெஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்திற் போய்ச் சேர்ந்து, 1945 இல் போரின்போது அழிந்தது. இன்று நிழற்படமாகவே அதனைக் காணலாம். பாரிஸ் நகரத்துச் சீமானும் நாமும் இந்த ஓர் ஓவியத்தைப் பொறுத்தமட்டில் சரிநிகர் சமானம்!

இனி, தூய கலையின் புரவலர்களிடம் வருவோம். மெக்சிக்கோ நாட்டு ஓவியர் தியேகோ றிவேரா 1933 இல் நியூயோர்க் நகரத்து ரொக்பெல்லர் மாளிகையிற் பெருஞ் சுவரோவியம் ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதிலே தொழிலாளரின் நடுவில் லெனின் முகம் தோன்றியது. அதை நீக்கி வேறொருவர் முகத்தை இடுமாறு நெல்சன் ரொக்பெல்லர் கடிதம் எழுதினார். றிவேரா மறுத்தார். கூலியைக் கையிற் கொடுத்து வெளியேற்றினார்கள். சுவரைத் துணியால் மூடினார்கள். 1934 பெப்ரவரியில் உடைத்தே எறிந்தார்கள். றிவேரா அதே ஆண்டில் தம் நாட்டுத் தலைநகரில் அதனைத் திரும்பவும் வரைந்தார் என்பது வேறு.

இதே நெல்சன் ரொக்பெல்லர் பின்னாளில், பிக்காசோவின் 'குவேர்ணிக்கா' ஓவியத்தை நெய்த திரைச்சீலையாக 1955 இல் ஆக்குவித்துக்கொண்டார். 1937 ஏப்ரல் 26 இல் ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி அழித்த பாஸ்க் ஊரின் பெயர் குவேர்ணிக்கா. சில வார காலத்தில், ஏறத்தாழ எட்டு மீற்றர் அகலத்தில், கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக அதன் ஓலத்தைப் பிக்காசோ வரைந்தார். ரொக்பெல்லர் குடும்பத்தார் இரவலாகக் கொடுத்த அத்திரைச்சீலை 1985 முதல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் வாயிலிலே தொங்கியது. 2003 பெப்ரவரி 5 இல் ஈராக் மீது போர் தொடுப்பதற்கு நியாயம் கூற அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் அங்கு வந்தபோது, அதன்மேல் நீலத் துணி ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. தொலைக்காட்சிக் கமராக்களுக்குப் பின்னணி சரியாக அமையவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். ஆம், இறந்த குழந்தையை ஏந்திக் கதறும் தாய் பின்னணிக்குச் சரியாக அமையமாட்டாள். விடயத்தை ஆணி என்று கூறும் நண்பர்கள் அந்த நீலத் துணியை என்னவென்று கூறுவார்கள்?

நம் அணியிலுள்ளோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. உயர்த்திய முட்டியையும் செங்கொடியையும் வரைந்துவிட்டால் ஓவியம் ஆகிவிடும் என்று கருதுவோர் நம்மிடையே குறைவல்லர். கிரெம்ளின் மாடத்தில் ஸ்டாலினும் வொறொஷிலோவும் உலாவுவதை 1938 இல் கெராசிமோவ் பளபளக்க வரைந்தார். சிறைகள் நிரம்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அப்படமும் பழைய அரசவை ஓவியர் செய்த முகத்துதியே. துதிக்கப்பட்டவர் மாறினாரே ஒழியத் தொழில் மாறவில்லை. ஒல்லாந்து நாட்டு வெர்மீர், சிறிய துணி ஒன்றிலே ஒரு வேலைக்காரி பால் வார்ப்பதை வரைந்தார். கொடியுமில்லை, முட்டியுமில்லை. வேலைக்காரியைக் கேலிக்கும் காமத்துக்கும் பொருளாக வரையும் வழக்கம் இருந்த நாட்டிலே, அவளுடைய கைத்தொழிலை ஒரு வழிபாட்டைப் போல் அவர் நின்று நோக்கினார். அங்கும் 'என்ன' என்ற வினாவே முதலில் நிற்கிறது.

விலையைப் பற்றி விரிவாகப் பேச நாம் விரும்பவில்லை. லியனார்டோ டா வின்சி வரைந்தது எனப்பட்ட, அது பற்றியே அறிஞர் ஒருமைப்படாத, இயேசுவின் படமொன்று 2017 இல் நாற்பத்தைந்து கோடி டொலருக்கு ஏலம் போனது. விற்ற பின் அது எந்தப் பொதுச் சுவரிலும் தொங்கக் காணோம். வாங்கியவருக்கு 'என்ன'வும் வேண்டாம், 'எப்படி'யும் வேண்டாம். 'எவ்வளவு' ஒன்றே போதும்.

1943 இல் வங்காளத்திற் பஞ்சம் வந்தபோது சித்தபிரசாத் என்ற இளைஞர் மைப்புட்டியும் தாளுமாக மிதினாப்பூர் மாவட்டத்துக் கிராமங்களிற் கால்நடையாகத் திரிந்தார். எலும்பும் தோலுமானவர்களை வரைந்து, பல படங்களில் அவர்தம் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். இறப்பவர் பெயரற்ற தொகையாகிவிடக் கூடாது என்பது அவர் கருத்துப்போலும். அப்படங்களும் குறிப்புகளும் 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலாயின. பிரித்தானிய அரசு அந்நூலின் ஐயாயிரம் பிரதிகளையும், ஏறக்குறைய ஒன்றுவிடாமற் கைப்பற்றி எரித்தது. குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த பிரதியைக் கொண்டு 2011 இல் அது மீண்டும் அச்சேறியது. வழுவழுப்பான அப்பெருநூல்களில் நாம் தேடிப் பார்த்தோம்; சித்தபிரசாத்துக்கு அவற்றில் ஒரு பக்கமேனும் இல்லை.