பெரியாஸ்பத்திரி எங்கே இருக்கணும்? எங்களையும் கேளுங்க!

அரசியல் பேச நமக்கு எங்கே நேரம் என்று பேப்பரை மடித்து வைத்து விடுகிறோம். ஆனால் ஆஸ்பத்திரி விஷயத்தை அப்படி விட முடியாது. வீட்டில் யார் படுத்தாலும் கூடப் போய் நிற்பது நாம்தானே!

2022 ஜனவரி 12-ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். மொத்தம் 1,450 சீட். அதில் எங்கள் நாகப்பட்டினத்துக்கு 150. நம்ம ஊர்ப் பிள்ளைகள் டாக்டராகலாம், பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூருக்கு ஓட வேண்டாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். கல்லூரி கட்டிய இடம் ஊருக்கு வெளியே, ஒரத்தூரில். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. அப்படியானால் ஊருக்குள் இருக்கிற பெரியாஸ்பத்திரி என்னாவது?

மாற்றவே கூடாது என்று ஒரு பக்கம் போராட்டம். ஊர் முன்னேற வேண்டாமா என்று இன்னொரு பக்கம். நடுவில், கல்லூரியைக் கொண்டு வந்தது யார் என்று கட்சிக்காரர்கள் பேச்சு வேறு. இந்தத் திட்டத்தில் நூற்றுக்கு 60 ரூபாய் மத்திய அரசு, 40 ரூபாய் மாநில அரசு. இரண்டும் நம்ம வரிப்பணம்தான். இதில் பெருமையடிக்க என்ன இருக்கு?

மாற்ற வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரிக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும், ஊருக்குள் அது கிடைக்காது. படிக்கிற பிள்ளைகள் நோயாளிகளைப் பார்த்துத்தான் தொழில் கற்க முடியும். இத்தனை சீட்டுக்கு இத்தனை படுக்கை, இத்தனை பேராசிரியர் என்று கணக்கும் இருக்கிறது. ஒரே டாக்டர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது, அதுவும் உண்மைதான்.

ஆனால் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் போதுமா? எங்கள் மாமியாருக்கு மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கணும். ஓ.பி. சீட்டு காலையில்தான். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, கால் வலிக்காரியைக் கைப்பிடித்து பஸ் ஏற்றி, வரிசையில் நின்று திரும்பினால் பொழுது போய்விடும். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, நல்லதுதான். பஸ் வரும்வரை நிற்கிற நேரத்தை யார் தருவார்கள்? அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பத்தில் மீன் விற்கிற பெண்களுக்கு அந்தக் காலைப் பொழுதுதான் சோறு. அவசரத்துக்கு 108 கொண்டு போய்ச் சேர்த்துவிடும். அதற்கப்புறம் தினமும் தூக்குவாளியில் கஞ்சியும் ஃப்ளாஸ்க்கில் பாலும் எடுத்துக்கொண்டு அலைவது யார்? ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாக எப்படித் திரும்புவது?

மாற்றுவதா வேண்டாமா என்று இரண்டே வழி இருப்பது போலப் பேசுகிறார்கள். பக்கத்துத் தஞ்சாவூரைப் பாருங்கள். அங்கேயும் மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே வல்லம் ரோட்டில்தான் இருக்கிறது. ஆனால் பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே, அந்தக் கல்லூரியோடு சேர்ந்தே நடக்கிறது. டெல்டாவில் எத்தனையோ பேர் பிறந்த இடம் அது! அங்கே முடிந்தது மற்ற ஊர்களில் ஏன் முடியாது?

எனக்குத் தோன்றுவது இதுதான். இருதயம், மூளை, பெரிய ஆபரேஷன், ஸ்கேன் எல்லாம் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். பிரசவம், குழந்தை வைத்தியம், தினசரி ஓ.பி., ராத்திரி பகல் அவசரச் சிகிச்சை, இந்த நாலும் ஊருக்குள் வேண்டும். பேருக்கு ஒரு டாக்டரை உட்கார வைத்தால் போதாது. பிரசவ வார்டு என்றால் மயக்க டாக்டரும் ரத்தமும் ராத்திரியிலும் தயாராக இருக்கணும். கல்லூரிக்குப் போகிற பஸ்ஸை ஓ.பி. நேரம், நோயாளியைப் பார்க்க விடுகிற நேரம் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி விடணும்.

உங்கள் மாவட்டத்திலும் ஆஸ்பத்திரியை மாற்றுகிறோம், பிரிக்கிறோம் என்று பேச்சு வந்தால் சும்மா இருக்காதீர்கள், தோழிகளே. கிராமசபைக் கூட்டத்திலும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்தால் எங்கே போறது, அங்கே யார் இருப்பாங்க?" பதிலை வாங்கிக்கொண்டு அப்புறம் ஓட்டைப் பற்றி யோசிக்கலாம்.

- ஒரு வாசகி, நாகப்பட்டினம்.