உருக்கிய பொன்னும் உருகிய வரலாறும்

திருத்தணியிலிருந்து வடக்கே புத்தூர் வழியாகச் சென்றால், விசயநகர வேந்தரின் பிற்காலத் தலைநகரான சந்திரகிரியை அடையலாம். அவ்வேந்தர் நாளில் நம் வட்டாரத்துப் பெரிய வணிகமெல்லாம் வராகன் என்னும் பொற்காசில் நடந்தது. அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிராம். கடல் கடந்து வந்த ஐரோப்பியர், தங்கள் மன்னரின் நாணயத்தை இவ்வராகனின் பக்கத்தில் வைத்தே செலவழிக்க வேண்டியிருந்தது.

போர்த்துக்கீசியர் ஒரு வழி கண்டனர். 1548, 1549 ஆகிய ஆண்டுகளில் கோவாவில் ஆளுநராயிருந்த கார்சியா தெ சா, மூன்றாம் யோவான் மன்னரின் பெயரால் ஒரு பொற்காசை அச்சடிக்கச் செய்தார். அதில் பொறிக்கப்பட்டவர் மயிலாப்பூரில் கல்லறை கொண்ட நம் புனித தோமையார்! காசின் பெயரும் 'சான் தோமே' என்றே வழங்கிற்று.

ஆங்கிலேயர் வேறு வழி சென்றனர். 1639-ல் சென்னையில் இடம் பெற்ற அவர்கள், தங்கள் அரசரின் முகத்தைப் பொறிக்காமல், திருமாலும் இரு தேவியரும் நிற்கும் வராகனையே அச்சடித்தனர். பழகிய உருவத்தையன்றோ சந்தை நம்பும்!

இத்தகைய காசுகள் இன்று அரிதாயிருப்பது ஏன்? அன்று காசின் மதிப்பு அதன் எடையிலும் மாற்றிலுமே இருந்தது. ஆகவே ஓர் அரசின் காசு மற்றோர் அரசின் அக்கசாலையில் உருகி மறுபிறவி எடுத்தது. எஞ்சியவற்றுள் பல பொற்கொல்லர் உலையில் நகையாயின. காசோடு அதிலிருந்த மன்னர் பெயரும் முத்திரையும் அழிந்தன.

அந்த உலை இன்னும் அணையவில்லை. பாட்டியின் காசுமாலையை மகளின் திருமணத்திற்காக அழிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அன்பு வாசகர்களே, உருக்கக் கொடுக்குமுன் ஒவ்வொரு காசையும் இருபுறமும் புரட்டிப் பாருங்கள். புரியாத எழுத்தோ உருவமோ தென்பட்டால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

மண்ணைத் தோண்டுகையில் காசு கிடைத்தாலோ சட்டம் வேறு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

உருக்கிய பொன்னை மீண்டும் காசாக வார்க்கலாம். அதிலிருந்த செய்தியை மீட்க இயலாது.