24 மணி நேரம் எங்கே போனது?

மாதக் கடைசி. பெங்களூரில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பில்லில் 24 மணி நேரத்தைக் காணோம். ஆறு பேரும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

குற்றவாளி ஒரு புள்ளி. தினமும் ஒன்றரை மணி நேரம் நடந்த ஒரு வேலை 1.30 என்று பதிவாகியிருந்தது. கம்ப்யூட்டருக்கு இது ஒன்றரை மணி அல்ல, ஒரு மணி 18 நிமிடம். 1.5 என்று எழுதியிருக்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 நிமிடம் நஷ்டம். 20 வேலை நாட்களில் 4 மணி. ஆறு பேருக்கு? பெருக்கிக்கொள்ளுங்கள்.

யாரும் கையால் எழுதிய தவறில்லை இது. அந்த கம்பெனி நேரக் கணக்குக்கு ரெட்மைன் என்ற இலவச மென்பொருளை (2006ல் வந்தது) வைத்திருக்கிறது. அதன் திரையில் தினமும் கட்டம் கட்டமாக நிரப்புவதைப் போல அலுப்பான வேலை கிடையாது. அதனால் குழுவிலிருந்த ஓர் இளைஞர் ஏ.பி.ஐ. மூலம் பதிய ஒரு குட்டி புரோகிராம் எழுதினார். ஏ.பி.ஐ. என்பது மனிதர்களுக்கல்லாமல் புரோகிராம்களுக்காகத் திறந்துவைத்த கவுன்ட்டர். எந்தப் பணி, என்ன தேதி, எத்தனை மணி, எந்த வகை வேலை என்று இணையம் வழியே அனுப்பினால் பதிவு தயார். படிக்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். மற்ற ஐந்து பேரும் அதையே வாங்கிக்கொண்டார்கள், தவறோடு சேர்த்து.

"எல்லாவற்றையும் இன்றைக்கே மாற்றிவிடு" என்றார் மேலதிகாரி. மாற்றினார். 120 பதிவுகளில் 25தான் மாறின. கவுன்ட்டர் ஒரு தடவைக்கு 25 பதிவுகளைத்தான் நீட்டும். அதிகம் கேட்டாலும் 100க்கு மேல் தராது. மிச்சத்தை 'அடுத்தது, அடுத்தது' என்று கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் மொத்தமும் முடிந்தது என்று நம்பியவர்கள் பலர்.

என்னை உறுத்துவது வேறு. திருத்துவதற்கு மேலதிகாரியின் ரகசியச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சாவி யாருடைய பதிவையும் தொடும். ராத்திரி முழுக்க விழித்து ஒருவர் பதிந்த 11 மணியை 8 ஆக்க ஒரு வரி போதும். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று ரெட்மைன் சொல்லும். முன்பு இருந்த எண் என்ன என்று சொல்லாது. அழித்த பதிவுக்கு அந்தத் தடயமும் இல்லை. தன் பதிவை மட்டும் திருத்தும் உரிமையைத் தனியாகக் கொடுக்க அதில் வசதி இருக்கிறது. கம்பெனிகள் அதைத் தேடிப் பார்ப்பதில்லை. தொடுவதற்கு முன் பழைய பதிவுகளை ஒரு நகல் எடுத்து வைக்கவும் ஐந்து நிமிடம் ஆகாது.

மீதி 95 பதிவுகளையும் சரிசெய்து புது பில் போனது. வாடிக்கையாளர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு மாதத்துப் பதிவுகள் அத்தனையும் ஒரே நாளில் ஏன் மாறின?"

நகல் இல்லை. பதில் சொல்ல மூன்று நாள் ஆனது.