சிலிண்டரும் திசைகாட்டியும்



இலங்கைத் தேர்தலுக்கு நம் இதழில் இத்தனை பக்கமா என்று சிலர் கேட்கக்கூடும். கொழும்பு நமக்கு அவ்வளவு தூரமில்லை. எண்ணூர் சாலையில் ராத்திரியெல்லாம் வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர்களில் பல, கொழும்பு போய்த்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. 2022 மே 18 அன்று 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்தோடு தமிழ்நாட்டின் முதல் நிவாரணக் கப்பல் கிளம்பியதும் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான்.

அந்த நாடு 2024 செப்டம்பர் 21 அன்று ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட்டது. ஜனாதிபதியாக இருந்தபடியே போட்டியிட்ட ரணில் விக்கிரமசிங்கவுக்கு காஸ் சிலிண்டர் சின்னம். யாருக்கு வந்த யோசனையோ! 2022 பொருளாதார நெருக்கடியில் காலி சிலிண்டரைத் தெருவில் வரிசையாக வைத்துவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்த ஜனங்களிடம், ‘அந்த வரிசை இப்போது எங்கே?’ என்று கேட்காமல் கேட்கிற சின்னம். அவர் கணக்கில் பிழையில்லை. 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தை எட்டிய விலைவாசி உயர்வு, 2024 ஆகஸ்டில் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் கலைத்தால் பழைய நிலைதான் என்று மேடைக்கு மேடை சொன்னார். ஆனால் விலை ஏறுவது நின்றதே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. வாட் வரியும் அந்த ஆண்டு ஜனவரியில் 15லிருந்து 18 சதவீதமாகியிருந்தது. சந்தைக்குப் பையோடு போகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரிதானே தெரியும்?

மலையகத்தைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,700 ரூபாய் என்று மே தினத்தன்று ரணில் அறிவித்தார். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. தேர்தலுக்குச் சில நாள் முன்பு நிர்ணயமான அடிப்படைச் சம்பளம் 1,350.

இன்னொரு வேட்பாளர் சஜித் பிரேமதாச, அப்பாவைப் போலவே வீடு கட்டிக்கொடுத்துப் பெயர் வாங்கியவர். ஊர் ஊராகப் போய், என்னென்ன செய்து தருவேன் என்று பட்டியல் வாசிக்கிற பாணி. பட்டியல் நீளம்.

மூன்றாமவர் அனுர குமார திசாநாயக்க, கூலித் தொழிலாளியின் மகன். 2019 தேர்தலில் அவருக்குக் கிடைத்தது மூன்று சதவீதத்துச் சொச்சம். இந்த முறை திசைகாட்டிச் சின்னத்தோடு வந்து, கடனை வாங்கித் தின்றது யார், இப்போது கட்டுவது யார் என்ற கேள்வியையே பிரசாரமாக்கினார். வேடிக்கை என்னவென்றால், நாணய நிதிய ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவேன் என்று இந்த மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. அனுரவும் நிபந்தனைகளைத் திருத்தப் பேசுவேன் என்றுதான் சொன்னார். ஜெயித்த பிறகும் ஒப்பந்தத்தில்தான் தொடர்ந்தார். சுமை எவர் தலையில் என்பதில்தான் சண்டை. அதை அவர் அளவுக்கு யாரும் பச்சையாகப் பேசவில்லை. 42 சதவீதம் வாங்கினார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அந்நாட்டு வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணி முடிவு சொன்னார்கள். ரணிலுக்கு 17 சதவீதம். கணக்கு சரியாகப் போட்டவர் தோற்றார் என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. பட்டினி கிடந்தவனிடம் சதவீதம் சொன்னால் அவன் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

இந்தப் பொருளாதார வாதம் எதிலும் சேராமல், தமிழரின் அரசியல் உரிமையை முன்வைத்துச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரம் ஓட்டு விழுந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இன்னொரு இதழில் எழுதுகிறோம்.

நம் ஊருக்கு வருவோம். ‘நாட்டுக்கு நல்லது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சை வடசென்னை கேட்காத தேர்தல் உண்டா? மணலிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தபோதும், எண்ணூரில் அனல் மின்நிலையம் வந்தபோதும் கேட்டதுதான். மின்சாரம் ஊருக்கெல்லாம் போனது, சாம்பல் கழிமுகத்தில் தங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த வலையையும் படகையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சி வேட்பாளருக்கும் உங்கள் கேள்விகளை அனுப்பி, பதில் வாங்கிப் போடலாம் என்றிருக்கிறோம். குடிநீரோ, லாரி நெரிசலோ, வேலையோ, எதுவானாலும் எழுதுங்கள். போஸ்ட் கார்டு போதும். பெயர் போட விருப்பமில்லையென்றால் தெருவின் பெயரை மட்டும் எழுதுங்கள், அப்படியே பிரசுரிக்கிறோம். பதில் தராத வேட்பாளருக்கு ஒதுக்கிய இடத்தைக் காலியாகவே அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்