முதுமையின் விழித்த இரவுகள்

குறுந்தொகையின் 6ஆம் பாடலில் பதுமனாரின் தலைவி, ஊரெல்லாம் துயிலத் தான் மட்டும் விழித்திருக்கிறாள். முதுமையைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார் புறநானூற்றின் 243ஆம் பாடலில் ஊன்றுகோலையும் இருமலையும் சொன்னார், இரவைச் சொல்லவில்லை. நாமும் அவ்வாறே. எழுத்தாளன் விழித்திருந்தால் தவம் என்கிறோம் (சிற்றிதழ்களில் இந்தப் பெருமை சற்று அதிகம்). வீட்டுப் பெரியவர் விழித்திருந்தால் 'வயசானா அப்படித்தான்' என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறோம்.

முதுமையில் உறக்கம் மெலிவதும், இடையிடையே கலைவதும் இயல்புதான். ஆனால் வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்குக் குறையாமல் உறக்கம் கெட்டு, பகலும் பாழாகுமானால் அது நோய். மாலை 8 மணிக்குப் படுத்து 3 மணிக்கு எழுபவர் 7 மணி நேரம் உறங்கியிருக்கிறார். அவருக்குத் தேவை மாத்திரையன்று. மற்றவரிடம் கேட்க வேண்டியவை பல. நீர் பிரியும் மாத்திரையை மாலையில் விழுங்குகிறாரா? குறட்டையின் நடுவே மூச்சு நிற்கிறதா? மூட்டுவலியா, துணையை இழந்த துயரா? படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம் எல்லாவற்றையும் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நடப்பதோ வேறு. அல்பிரசோலம் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கிறது. விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும். ஆயினும் பழைய சீட்டே ஆண்டுக்கணக்கில் செல்லுபடியாகும் வீடுகளை நாம் அறிவோம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் இவ்வகை மாத்திரைகளை முதியோருக்குத் தவிர்க்கச் சொல்கிறது. நள்ளிரவில் பாதி மயக்கத்தோடு கழிவறைக்கு நடப்பவர் விழுந்தால் முறிவது இடுப்பெலும்பு. சளிக்கான அவிலை உறக்கத்துக்குக் கொடுப்பதும் நல்லதன்று. அது மனக்குழப்பத்தைத் தரக்கூடியது. ஆனால் நெடுநாள் விழுங்கிய அல்பிரசோலத்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் துணையோடு சிறுகச் சிறுகத்தான் குறைக்கவேண்டும்.

2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது மருந்தை அன்று, அறிதல்-நடத்தைச் சிகிச்சையை. படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் உறங்கும் நேரத்துக்கு நெருக்கமாகச் சுருக்குவது அதன் ஒரு பகுதி (5 மணிக்குக் கீழே குறைப்பதில்லை, தள்ளாடுபவர்களிடம் இன்னும் கவனம் தேவை). உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் சென்று அமர்வது இன்னொரு பகுதி. நம் தயக்கம் இங்கேதான். கூடத்தில் பாய் விரிக்கும் பெரியவருக்கு எந்த 'வேறு அறை'? இரவு 11 மணிவரை அங்கே தொலைக்காட்சி ஓடுகிறது. அவர் படுக்கும் நேரத்தை நெடுந்தொடர்தான் தீர்மானிக்கிறது. பகலில் செய்வதற்கு ஒன்றுமில்லாமையால் அங்கேயே கண்ணயர்கிறார். அவருக்குச் சீட்டு எழுதுமுன் தொலைக்காட்சியை இடம் மாற்றலாம். காலையில் வெயில்படும் திண்ணையில் ஒரு நாற்காலி போடலாம்.