கடல் நெருங்குகிறது, சட்டம் விலகுகிறது

தெற்கு மும்பையின் நாரிமன் பாயிண்ட், கஃப் பரேட், மாநிலத் தலைமைச் செயலகம் அமைந்துள்ள பகுதி ஆகியவற்றில் 80 சதவீதம் 2050-க்குள் நீரில் மூழ்கும் என்று 2021 ஆகஸ்டில் எச்சரித்தவர் சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்லர். அன்றைய மாநகராட்சி ஆணையர் இக்பால் சிங் சாஹல். அதே மாநகராட்சிதான் அதே நகரின் மேற்குக் கரையில் நூறு ஹெக்டேருக்கு மேல் கடலைத் தூர்த்துக் கடலோரச் சாலை அமைத்து, 2024 மார்ச்சில் அதன் முதல் பகுதியைத் திறந்தது. இந்த முரண்பாடு மும்பைக்கு மட்டும் உரியதன்று. தில்லியில் வகுக்கப்படும் கடற்கரைக் கொள்கையே இதன் மீதுதான் நிற்கிறது.

கடல் மட்டம் உயர்வது இனி விவாதத்துக்குரிய செய்தி அல்ல. 1901 முதல் 1971 வரை உலக அளவில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த உயர்வு, 2006-2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராகிவிட்டதாக ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு 2021-இல் தெரிவித்தது. வட இந்தியப் பெருங்கடலில் 1993-2017 காலத்தில் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டது மத்திய புவி அறிவியல் அமைச்சகமே. 2040-க்குள் மும்பை, தூத்துக்குடி, ஏனாம் ஆகிய நகரங்களில் 10 சதவீதத்துக்கு மேலான நிலமும், சென்னையிலும் பணஜியிலும் 5 முதல் 10 சதவீத நிலமும் மூழ்கக்கூடும் என்று பெங்களூரைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஒன்று 2024-இல் கணித்தது.

மில்லிமீட்டர் கணக்கு சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், நகரத்தை மூழ்கடிக்கக் கடல் வீதிக்குள் வரவேண்டியதில்லை. வடிகாலின் வாயை அடைத்தாலே போதும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நிகழ்ந்தது அதுதான். மும்பையின் மழைநீர் வடிகால்களில் மிகப் பெரும்பாலானவை உயர் அலை மட்டத்துக்குக் கீழேயே கடலில் கலக்கின்றன. அலை ஏறிய நேரத்தில் வெள்ளம் வெளியேற வழியின்றித் திரும்பியது. கடல் மட்டம் உயர உயர, அந்த வாய்கள் அடைபட்டிருக்கும் நேரமும் கூடிக்கொண்டே போகும். அப்போது வழக்கமான பருவமழையே பேரிடராகிவிடும்.

நகரங்களுக்கு வெளியே கரையே கரைகிறது. 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் நாட்டின் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளானதாகத் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு கூறுகிறது. மேற்கு வங்கத்தில் இது 60.5 சதவீதம்; கேரளத்தில் 46.4, தமிழகத்தில் 42.7. இந்தப் புள்ளிவிவரங்களை அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் பலமுறை பதிலாக அளித்திருக்கிறார்கள். பதில் வந்ததே தவிர, பரிகாரம் வரவில்லை.

கடற்கரையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் தில்லிக்குப் புதிதல்ல. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்று 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். அதன் நீட்சியாக 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பிறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது இருபது முறைக்கு மேல் திருத்தப்பட்டது. 2011-இல் வெளியான புதிய அறிவிக்கை ஒரு முக்கியமான அம்சத்தைச் சேர்த்தது. அதுதான் அபாயக் கோடு. அலை, கரை அரிப்பு, கடல் மட்ட உயர்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு, நீர் எதுவரை வரக்கூடும் என்று நிலத்தில் வரையப்படும் எல்லை அது. அந்த எல்லைக்குள் வரும் நிலமும் ஒழுங்குமுறை மண்டலத்தில் அடங்கும் என்றது 2011 அறிவிக்கை.

பொதுப் பணத்தில் அந்தக் கோட்டை வரையும் பணி இந்திய நில அளவைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால், 2019 ஜனவரியில் வெளியான அறிவிக்கை அந்தக் கோட்டை ஒழுங்குமுறையிலிருந்தே பிரித்துவிட்டது. இனி அது பேரிடர் மேலாண்மைத் திட்டமிடலுக்கான ஒரு கருவி மட்டுமே. அத்துடன், நகர்ப்புறக் கடற்கரைகளில் 1991-ஆம் ஆண்டு அளவில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தளப்பரப்புக் குறியீடு தளர்த்தப்பட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. அபாயம் எதுவரை வரும் என்பது அரசுக்குத் தெரியும். அதற்குள் கட்டவும் அரசே வழிவிடும் என்பதுதான் இதன் பொருள்.

பழைய விதிகளால் கடலோர மக்கள் வீட்டைப் புதுப்பிக்கவும் இயலவில்லை, சுற்றுலாவும் வேலைவாய்ப்பும் முடங்கின என்பது அரசுத் தரப்பு வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. மீனவரின் வீடு கரையில்தான் இருக்க முடியும். குடிசை வாழ் மக்களுக்கு நல்ல வீடும் வேண்டும். ஆனால், அவர்களுக்கென்று தனி விலக்கு அளித்திருக்கலாம். மீனவரின் பெயரைச் சொல்லித் திறக்கப்பட்ட கதவு வழியாக விடுதிகளும் அடுக்குமாடிகளும் நுழைவதை எந்த வாதத்தால் நியாயப்படுத்துவது?

கேரளத்தின் மரடுவில் கடற்கரை விதிகளை மீறி எழுப்பப்பட்ட நான்கு அடுக்குமாடி வளாகங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. விதியை மீறிக் கட்டினால் நீதிமன்றத்தால் இடிக்க உத்தரவிட முடியும். விதியே அனுமதித்து, அபாயக் கோட்டுக்குள் கட்டப்பட்ட வீட்டில் நாளை கடல் புகுந்தால் யார் பொறுப்பேற்பது?

இழப்புக்கு உள்ளானோரின் நிலையும் இதுதான். பேரிடர் நிவாரண நிதிக்கென மத்திய அரசு அறிவித்த 12 இடர்களின் பட்டியலில் புயல் உண்டு, சுனாமி உண்டு. கடல் அரிப்பு இல்லை. ஒரே இரவில் வீட்டை இழந்தவருக்கு உள்ள உரிமை, பத்து ஆண்டுகளில் ஊரையே இழந்தவருக்கு இல்லை. ஒடிசாவின் சதபயா கிராமங்களைக் கடல் விழுங்க, எஞ்சிய குடும்பங்களை மாநில அரசே பாகபாட்டியாவில் குடியமர்த்தியது. அரிப்பால் இடம்பெயர்ந்தோர் மறுவாழ்வுக்கு 2021-26 காலத்துக்கென 15-ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்தது, ஆறு, கடல் இரண்டுக்கும் சேர்த்து, நாடு முழுமைக்கும் ரூ.1,000 கோடி. தேவையின் அளவுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இவை அனைத்துக்கும் வேர் ஒன்றுதான். காட்டுக்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வன உயிரினங்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவற்றை மாற்ற வேண்டுமானால் இரு அவைகளிலும் மசோதா கொண்டுவர வேண்டும். உறுப்பினர்கள் கேள்வி எழுப்பலாம், வாக்களிக்கலாம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியாகும் அறிவிக்கையை நம்பித்தான் கடற்கரை இருக்கிறது. அமைச்சகம் நினைத்தால் அரசிதழில் ஒரு பக்கம் போதும், எல்லை மாறிவிடும்.

கடற்கரைக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். அபாயக் கோடு அதில் சட்ட எல்லையாக இடம்பெற வேண்டும். மீனவரின் குடியிருப்பு உரிமை அதில் எழுதப்பட வேண்டும். கடல் அரிப்பு பேரிடராக ஏற்கப்பட வேண்டும். இவை கட்சி பேதங்களுக்கு உட்பட்ட கோரிக்கைகள் அல்ல. குஜராத் முதல் வங்கம் வரை கடலோரத் தொகுதி உறுப்பினர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே குரலில் கேட்டால் எந்த அரசும் மறுப்பது கடினம். அறிவிக்கையைத் திருத்திச் சட்டத்தைப் பின்வாங்க வைக்கலாம். கடலைப் பின்வாங்க வைக்க எந்த அறிவிக்கையாலும் இயலாது.