தேடலைத் திருத்துமுன் உள்ளீட்டைப் பாருங்கள்!



ஜாவா நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவர்கள் எழுதும் முதற்பயிற்சிகளுள் ஒன்று, அணியில் ஒரு பெயரைத் தேடுவது. ஐந்து பெயர்களை அணியில் இட்டு, பயனர் தட்டச்சிடும் பெயரோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பெயர் பட்டியலில் இருந்தும் சில வேளைகளில் திரையில் 'இல்லை' என்றே விடை வரும். உடனே மாணவர் தேடும் பகுதியை மாற்றி மாற்றி எழுதுவார். கற்பிப்பவரோ பொறுமையிழந்து, சரியான நிரலைத் தாமே எழுதிக் கொடுத்துவிடுவார். இவ்விரண்டாலும் மாணவருக்குப் பயனில்லை என்பது என் கருத்து. நிரலுக்குள் உண்மையில் என்ன வந்து சேர்ந்தது என்று முதலில் பார்க்கப் பழக்குவதே நல்ல கற்பித்தல்.

உள்ளீடு எவ்வாறெல்லாம் ஏமாற்றும்?

முதலாவது, எண்டர் விசை. 2004இல் வெளிவந்த ஜாவா 5இல் அறிமுகமான ஸ்கேனர், விசைப்பலகை உள்ளீட்டைப் பெற உதவுகிறது. மாணவர் வயதை 'நெக்ஸ்ட்இன்ட்' கொண்டும் அடுத்துப் பெயரை 'நெக்ஸ்ட்லைன்' கொண்டும் கேட்கிறார் எனக் கொள்வோம். முன்னது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்டர் விசையால் உண்டான வரிமுடிவை விட்டுவிடும். பின்னது அந்த வரிமுடிவைப் படித்து, வெற்றுச் சரத்தைப் பெயராகத் தந்துவிடும். பயனர் பெயரைத் தட்டச்சிடுமுன்பே 'இல்லை' என விடை வந்துவிடும்! இரண்டிற்கும் இடையே இன்னொரு 'நெக்ஸ்ட்லைன்' இட்டால் சிக்கல் தீரும்.

இரண்டாவது, பெயரின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாவிடினும் கணினிக்கு அதுவும் ஓர் எழுத்தே. 'ட்ரிம்' அதனை நீக்கும்.

மூன்றாவது, நம் எழுத்தின் இயல்பால் வருவது. 'கோமதி' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் அமைக்கலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் அமைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால், ஜாவா முன்னதன் நீளத்தை 5 என்றும் பின்னதன் நீளத்தை 6 என்றும் கணக்கிடும். இரண்டும் வெவ்வேறு பெயர்கள் என்றே முடிவு செய்யும். 'நார்மலைசர்' கொண்டு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரலாம்.

இவற்றை எல்லாம் கண்டறிய ஒரே வரி போதும். பெற்ற பெயரைச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் இட்டு, அதன் நீளத்தோடு அச்சிடச் சொல்லுங்கள். வெற்றுச் சரமாயின் நீளம் 0 எனக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளீடு சரியாக இருந்தும் விடை தவறினால், அதன்பின் ஒப்பீட்டை ஆராயலாம். இரட்டைச் சமக்குறி, இரண்டும் ஒரே பொருள்தானா என்று மட்டுமே பார்க்கும். எழுத்துகளை ஒப்பிட 'ஈக்குவல்ஸ்' வேண்டும்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது?" எனச் சிலர் கேட்கலாம். எழுதிக் கொடுத்த நிரல் அன்றைய பயிற்சியை மட்டுமே முடிக்கும். மறுநாள் வேறொரு பிழை வந்தால் மாணவர் மீண்டும் நம்மையே எதிர்பார்த்து நிற்பார். தொடக்கப்பள்ளிக் கணிதத்திலும் இதே நிலைதானே? கேள்வியைத் தவறாக வாசித்த மாணவனுக்கு வாய்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

தானே பிழையைக் கண்டுபிடித்த மாணவர் அடுத்த பிழைக்கு அஞ்சமாட்டார். அந்த வாய்ப்பை நாம் பறித்துவிடாதிருப்போம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.